இரண்டாவது குரல்

இரவு பதினொன்றே முக்கால். ஓசூர் ரோடு.

கடைசி பஸ் பொம்மனஹள்ளியில் ஒரே ஒரு ஆளை இறக்கிவிட்டுப் போனது. மழை விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. லாரிகள்கூட இல்லை. தார் ரோட்டிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஈரச் சாக்கு வாசனை... அதற்கு அடியில் சாக்கடை வாசனை. கார்மெண்ட்ஸ் கம்பெனிச் சுவரோரமாக ஒரு நாய், குரைக்காமல், கூடவே நடந்து வந்தது. சந்து முனையில் நின்றுவிட்டது. அதற்கு மேல் வரவில்லை.

இறங்கியவன் பெயர் உத்தமன். நம் அனுஷாவுக்குப் பெரியம்மா பையன். அதோ, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்குத்தான். நான் எங்கேயாவது கூட்டிச் சொன்னால் அவளே நிறுத்தட்டும். மெழுகுவர்த்தி பாதிதான் மிச்சம். கதையும் அவ்வளவு நீளம்தான்.

உத்தமன் கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே துணி சுற்றி, பாதிச் செங்கல் அளவுக்கு ஒரு இரும்பு டப்பா. வீட்டு வாசலில் வந்து நின்றான். கதவைத் தட்டவில்லை.

"அம்மா..."

ஒரு மூச்சு இழுத்து, விட்டான்.

"அம்மா."

அப்புறம்தான் உள்ளே தாழ்ப்பாள் விலகியது.

அந்தச் சந்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. உத்தமனின் அம்மா சாந்தகுமாரி இரண்டு பிள்ளைகளோடு தர்மபுரியிலிருந்து இங்கே வந்து சேர்ந்த வருடம், ஊரெல்லாம் ஒரே பேச்சு. ராத்திரியில் ஒன்று வருகிறது. வாசலில் நின்று உங்கள் வீட்டு ஆள் குரலிலேயே கூப்பிடுகிறது. திறந்தால் அவ்வளவுதான். அதனால் கதவுக்குக் கதவு சாக்கட்டியில் 'நாளே பா' என்று எழுதியிருந்தார்கள். கன்னடத்தில், நாளைக்கு வா. அது வரும், படிக்கும், போய்விடும். மறுநாள் வந்தாலும் அதே எழுத்து. சாந்தகுமாரிக்குக் கன்னடம் எழுத வராது. பக்கத்து வீட்டு கௌரம்மாதான் எழுதிக் கொடுத்தாள். எழுதிவிட்டு, கையில் ஒட்டிய சாக்கட்டியைத் தட்டிக்கொண்டே ஒன்று சொன்னாள்.

"எழுத்து மழைல அழிஞ்சு போகும், சாந்தம்மா. ஆனா இதை மறக்காதே. அது ஒந்தே சல, ஒரே வாட்டிதான் கூப்பிடும். ரெண்டாவது சல கூப்பிட அதுக்கு தொண்டை கிடையாது. மனுஷங்களுக்கு மட்டும்தான் உண்டு."

எழுத்து அழிந்துபோனது. வழக்கம் நிலைத்துவிட்டது. பால்காரன், கேஸ் சிலிண்டர் போடுகிறவன், வீட்டுப் பிள்ளைகள்... இருட்டிய பிறகு வருகிற யாரும் ஒரு தடவை கூப்பிட்டு, ஒரு மூச்சு விட்டு, இன்னொரு தடவை கூப்பிடுவார்கள். இரண்டாவது குரல் கேட்டால்தான் தாழ்ப்பாளில் கை போகும்.

இப்போது சொர்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உத்தமனின் தங்கை. பத்தொன்பது வயது. கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை. நன்றாகப் பாடுவாள். அடுகோடியில் லேத் பட்டறையில் வேலை செய்த உத்தமன், பழைய கிட்டார் ஒன்று, கேசட் டெக் இரண்டு, ரேடியோ ஸ்பீக்கரை வைத்துத் தானே செய்த ஒரு ஆம்ப்ளிஃபயர்... இவ்வளவையும் அந்த ஒன்றரை அறைக்குள் அடுக்கிவைத்து அவளைப் பாடவைத்துப் பதிவு செய்வான். மைக்கின் இடம் ஜன்னல் கம்பி. அடுப்புச் சத்தம் விழாத இடம் அது ஒன்றுதான். ஜன்னலுக்கு வெளியே இரண்டு முழத்தில் வாசல் கதவு.

இரண்டாயிரமாவது வருடம், ஐப்பசி. விடாத மழை. சொர்ணத்துக்கு ஓவர்டைம். சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். உத்தமன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிட்டார் பதிவு செய்துகொண்டிருந்தான். பதினொன்றே முக்காலுக்கு வாசலில் ஒரு குரல்.

"அம்மா..."

சாந்தகுமாரி எழுந்து உட்கார்ந்தாள். கதவருகே போனாள். இரண்டாவது குரலுக்காகக் காத்திருந்தாள்.

மழைதான் கேட்டது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அவள் திரும்பி வந்து, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, முருகனைக் கும்பிட்டபடி படுத்துவிட்டாள். சொர்ணம் வராததற்கு, மழையில் கம்பெனியிலேயே தங்கிவிட்டாள் என்று தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

விடிந்ததும் கதவைத் திறந்தாள். படியில் சொர்ணத்தின் டிபன் பை. சுருக்கிய குடை. படிக்குப் பக்கத்தில் சாக்கடை மூடி உடைந்துபோன இடம், தண்ணீர் வடிந்து, வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. இரண்டு நாள் கழித்து ஏரியோரம் கிடைத்தாள்.

முதல் தடவை கூப்பிட்டிருக்கிறாள். இரண்டாவது தடவைக்கு முன்னால் அந்த ஒரு மூச்சு விட வேண்டும் இல்லையா... அந்த மூச்சில், கூரைத் தண்ணீர் தலையில் விழாமல் இருக்க ஒரே ஒரு அடி தள்ளி நின்றிருக்கிறாள்.

அன்றைய கேசட்டை உத்தமன் ஒரு மாதம் கழித்துத்தான் போட்டுக் கேட்டான். கிட்டாருக்கு அடியில், தூரத்தில், "அம்மா..." பிறகு மழை. பிறகு, தண்ணீரில் அரிசி மூட்டை விழுந்தது போல ஒரு சத்தம். அவன் நாடாவை உருவி, கத்தரித்து, பட்டறை உலையில் போட்டான். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆனால் அம்மா தூங்குவதை நிறுத்திவிட்டாள். ராத்திரி ஆனால் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவாள். விடியற்காலை பால் வண்டி வரும்வரை அப்படியே.

"ஏம்மா, படும்மா."

"ரெண்டாவது வாட்டி கூப்பிடுவாடா. கூப்பிட்டா ஒடனே தெறக்கணும்ல?"

இரண்டு வருடம். கண் குழிந்து, கன்னம் ஒட்டி, தையல் மெஷினில் உட்கார்ந்தால் விரலில் ஊசி ஏற்றிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டாள். இப்படியே போனால் அம்மாவும் போய்விடுவாள் என்று உத்தமனுக்குத் தெரிந்துவிட்டது.

அவனிடம் சொர்ணம் பாடிய ஒரு பாட்டு பாதியில் இருந்தது. அவனே மெட்டுப் போட்டது. 'வீடு வந்து சேருமுன்னே விளக்கணைக்க வேண்டாம்' என்று ஒரு வரி. அதை முழுசாக முடித்து அம்மா காதில் போட்டால், அந்தக் குரல் வந்து முடிந்துவிட்டது என்று அவள் மனசு ஒப்புக்கொள்ளும், தூங்குவாள் என்று நம்பினான். ஆனால் கேசட்டில் அவள் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல வறண்டு கிடந்தது. எதிரொலி வேண்டும்.

கடையில் காட்டியதெல்லாம் டிஜிட்டல். விலையைக் கேட்டாலே காது அடைத்தது. போட்டுக் கேட்டான். சொன்னதை அப்படியே ஜெராக்ஸ் எடுத்தது போலத் திருப்பிச் சொல்லியது. பத்தாவது தடவையும் முதல் தடவை மாதிரியே. மனுஷக் குரல் அப்படியா போகும்? அவன் கேட்டது பழைய அனலாக் ரகம், கிட்டார்காரர்கள் காலால் மிதிக்கிற எக்கோ பெடல். எட்டு மாதம் தேடினான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தரையில் விரித்த சாக்குகளில் தேடினான். ஒன்று கிடைத்தது, திறந்தால் உள்ளே கரப்பான் குடும்பம். ஆர்கெஸ்ட்ராக்காரன் ஒருவன் வெறும் பெட்டியைத் தலையில் கட்டப் பார்த்தான். கடைசியில் யாரோ சொல்லி, பிரேசர் டவுனில் நோயல் வீட்டுக்குப் போனான். சர்ச்சில் முப்பது வருடம் கிட்டார் வாசித்தவர். இப்போது விரல்கள் மடங்கிப் போயிருந்தன. கேக் வேகிற வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து, பச்சை நிற டப்பா ஒன்றைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"எவ்ளோ குடுப்ப?"

"அறுநூறு, அங்கிள்."

"அறுநூறா! மேரி, இங்க வா, தம்பி ஜோக்கு சொல்றான். டேய், இதோட மூடிய வித்தாலே அறுநூறு வரும். யாருக்குடா இது, ஒனக்கா?"

"தங்கச்சி குரலுக்கு."

"பாடுவாளா?"

"பாடுனா."

நோயல் துடைப்பதை நிறுத்தினார். அப்புறம் பேரமே பேசவில்லை. கிட்டாரை மாட்டி, மூன்று குமிழ்களையும் திருகித் திருகிக் காட்டினார். நேரம் போனது தெரியவில்லை.

"தண்ணி லாரி வந்தா லைனா நின்னு குடம் மாத்துவோம்ல? இதுக்குள்ளயும் அப்படித்தான். சவுண்ட கை மாத்திக் கை மாத்தி விடுது. ஒவ்வொரு கைலயும் கொஞ்சம் சிந்தும். அதான் போகப் போக மங்குது. கடைசி குடம் போச்சுன்னா லைன் காலி. இதுக்கு ஞாபகம்னு ஒண்ணு கெடையாது. புரியுதா? அப்புறம் ஒண்ணு... வேலை முடிஞ்சா மைக் வயர புடுங்கி வெச்சிடு. வயரு சொருகியிருந்தா முழிச்சிட்டே இருக்கும், பேட்டரிய தின்னுடும்."

அந்த டப்பாதான் மஞ்சள் பையில் வந்தது. அந்த ராத்திரியே சொர்ணத்தின் குரலை அதன் வழியாக விட்டான். விளக்கணைக்க வேண்டாம்... வேண்டாம்... ண்டாம்... டாம். அறையின் மூலைக்குப் போய், அங்கே குளிருக்கு ஒடுங்கி உட்கார்ந்துகொண்டது போல அந்தக் குரல் மங்கியது. கதவில் சாய்ந்திருந்த அம்மா இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த இடத்தை விட்டு எழுந்து வந்தாள். டப்பாவின் சிவப்பு விளக்கையே பார்த்தாள்.

"இது... ஒரு வாட்டி சொன்னத ரெண்டு வாட்டி சொல்லுமா?"

"மூணு, நாலு வாட்டிகூட சொல்லும்மா."

"யார் சொன்னாலுமா?"

"மைக்ல எது விழுந்தாலும்."

அம்மா டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். "அன்னிக்கே இது இருந்திருக்கலாம்டா," என்றாள்.

அன்று அவள் பாயில் வந்து படுத்தாள். உத்தமனுக்கு அழுகையே வந்துவிட்டது. வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டுத் தூங்கினான்.

மறுநாள் மாலை பெடலில் உயிரில்லை. பேட்டரி தீர்ந்திருந்தது. புதிது போட்டான். மூன்று நாளில் அதுவும். இன்னொன்று. அதுவும். பொதுத் தொலைபேசியிலிருந்து நோயலைக் கூப்பிட்டான்.

"வயர புடுங்கினியா?"

"தெனமும் புடுங்கறேன், அங்கிள்."

"ஏம்ப்பா, பெடல் தானா எழுந்து மாட்டிக்காது. நீ தூங்குனப்புறம் யாரோ மாட்டறாங்க." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

உத்தமன் சிரிக்கவில்லை. ஆனால் அம்மாவிடம் எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. அது அவன் செய்த தப்பு.

அந்த வியாழக்கிழமை ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. அதே ஐப்பசி மழை. சந்தில் தண்ணீர் ஏறும் சத்தம்... குளுக்... குளுக்... அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனான்.

விழிப்பு வந்தபோது ஸ்பீக்கர் உறுமிக்கொண்டிருந்தது. இருட்டில் ஒரு சிவப்புப் புள்ளி. வயர் மாட்டியிருந்தது. ஜன்னல் கம்பியில் மைக். அம்மா கதவருகே நின்றிருந்தாள். தலை சீவி, பூ வைத்து, நல்ல புடவை கட்டியிருந்தாள்.

வெளியே மழை சட்டென்று கொஞ்சம் அடங்கியது. யாரோ குடை பிடித்தது போல.

"அம்மா..."

வாசலிலிருந்து. சொர்ணத்தின் குரல்.

உடனே அறைக்குள் ஸ்பீக்கரிலிருந்து, அம்மா... அம்மா... ம்மா... மா.

தாழ்ப்பாளில் அம்மாவின் கை.

"வேணாம்மா!" உத்தமன் பாயிலிருந்து தாவினான். "அது ஒரு வாட்டிதான் கூப்பிட்டுச்சு. மத்ததெல்லாம் டப்பாம்மா! மனுஷங்க மூச்சு விட்டுக் கூப்பிடுவாங்க, இது மூச்சே விடல பாரு!"

"எனக்கு ரெண்டு வாட்டி கேட்டுச்சு." அம்மா அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவு பிரியமாக அவள் சிரித்து அவன் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. "போன வாட்டி நான் மொறையப் பாத்தேன்டா. இந்த வாட்டி புள்ளையப் பாக்கறேன்."

தாழ்ப்பாள் விலகியது. குளிர்க் காற்று. சாக்கடை வாசனை. வாசலில் யாரும் இல்லை. கறுப்புத் தண்ணீர்தான். அம்மா படியிறங்கினாள். "வா கண்ணு," என்றாள். இன்னொரு அடி வைத்தாள். மழை மறுபடி கொட்டியது. உத்தமன் வாசலுக்கு ஓடி வந்தபோது அவள் கண்ணில் படவில்லை.

"அம்மா! அம்மா!"

எத்தனை நேரம் கத்தினான் என்று அவனுக்கே தெரியாது. பிறகு, இருட்டிலிருந்து அவள் தானாகவே நடந்து வந்தாள். தலையிலிருந்து கால்வரை தண்ணீர். பூவைக் காணோம். அவனைத் தாண்டி உள்ளே போனாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தூங்கிவிட்டாள்.

ஆமாம், தூங்கினாள். அவன் ஆசைப்பட்டது அதுதானே.

காலையில் வாசலைப் பெருக்க வந்த கௌரம்மா, "சாக்கடை மேல கல்ல யார் நகத்தினது?" என்று சத்தம் போட்டாள். சொர்ணம் போன பிறகு நாலு பேர் சேர்ந்து தூக்கிப் போட்ட கடப்பாக்கல். ஒரு முழம் விலகியிருந்தது.

அம்மா டீ போட்டாள். சோறு ஆக்கினாள். மெஷினில் உட்கார்ந்து தைத்தாள். விரலில் ஊசி ஏறவில்லை. ராத்திரி கதவுப் பக்கமே போகவில்லை. நேரத்துக்குப் படுத்தாள். உத்தமன் பெடலிலிருந்து பேட்டரியைக் கழற்றி சந்து முனைக் குப்பையில் வீசினான். பெடலைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். வயரை வெட்டிப்போட்டான். எல்லாம் முடிந்தது என்று இருந்தான்.

நாலாம் நாள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"உத்தமா..." கீழேயிருந்து அம்மா.

வழக்கமாக அவள் இன்னொரு தடவை கூப்பிடுவாள். பகலிலும் அப்படித்தான். நாக்கில் ஊறிய பழக்கம். அவன் பதில் சொல்லாமல் நின்றான். ஈரத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. எண்ணினான். இருபது... முப்பது... 

குரல் வரவில்லை. படியில் காலடிச் சத்தம்தான் வந்தது. அம்மா மாடிக்கு ஏறி வந்து, வாசல்படியில் நின்று, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவன் கவனித்தான். உத்தமா. கௌரம்மா. பால்காரரே. யாரைக் கூப்பிட்டாலும் ஒரே தடவை.

அனுஷா... என்னை எங்கேயும் நிறுத்த மாட்டேன் என்கிறாயே.

சரி. மெழுகுவர்த்தி முடியப்போகிறது. போன வாரம் மழை பெய்ததே, அந்த ராத்திரி. பதினொன்றே முக்கால். உத்தமன் பாயில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தான். பெட்டி பூட்டியபடி. டப்பாவில் பேட்டரி இல்லை. ஜன்னலில் மைக் இல்லை. சுவரோரம் அம்மா முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள்.

வாசலில்...

"உத்தமா..."

அம்மாவின் குரல். நடுங்குகிற குரல். தண்ணீரில் ரொம்ப நேரம் நின்றவர்களின் குரல்.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். வெளியே யாரோ மூச்சு இழுப்பது கேட்டது. விடுவதும் கேட்டது.

"உத்தமா."

மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். சுவரோரம் படுத்திருந்தவள் இப்போது அவன் பக்கம் திரும்பியிருந்தாள். கண்கள் திறந்திருந்தன.

"தெறக்காத," என்றாள்.

ஒரே ஒரு தடவை.